இரண்டு தாளிலும் முப்பத்தைந்து

பெப்ரவரி 3, திங்கள்

எங்களுக்குக் கணிதம் படிப்பித்த வதனி ரீச்சர் இன்றோடு போய்விட்டார். வவுனியாவுக்கு இடமாற்றம் கேட்டு நெடுநாள் காத்திருந்தவர். கடிதம் வந்த சந்தோஷத்தை எங்களிடம் மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. போகும்போது பழைய வினாத்தாள் கட்டு ஒன்றை என் கையில் தந்து, "நீ சமாளிப்பாய் டிலு" என்றார். "ஓம் ரீச்சர்" என்றேன். அடக்கமாக ஏதாவது சொல்ல வேண்டிய இடம்தான். ஆனால் உண்மையே அதுவாக இருக்கும்போது என்ன செய்வது.

எங்கள் பள்ளியில் பன்னிரண்டாம் தரத்துக் கணிதப் பிரிவில் மூன்று பேர். நான் டிலூசியா. றிஸ்மியா ஆறாம் தரத்திலிருந்து என் வாங்கிலேயே பக்கத்தில் இருப்பவள். விடை தெரிந்தாலும் மேசைக்கு மட்டும் கேட்கும்படிதான் சொல்வாள். மூன்றாவது துவாரகன். ஏன் கணிதம் எடுத்தாய் என்று கேட்டால், உயிரியலில் தவளை வெட்ட வேண்டி வரும் என்பான். பௌதிகவியலுக்கும் இரசாயனவியலுக்கும் உயிரியல் பிள்ளைகளோடு சேர்ந்து உட்காருகிறோம். கணிதத்துக்கு இன்று முதல் ஆள் இல்லை.

பெப்ரவரி 5, புதன்

அதிபர் குலாஸ் சேர் எங்கள் மூவரையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்.

"மூண்டு பேருக்காக ஒரு கணித ரீச்சரைத் தரமாட்டினம். கேட்டு எழுதியிருக்கிறன், ஆனா அதை நம்பி இருக்கேலாது. கலைப்பிரிவுக்கு மாறுங்கோ. இப்ப மாறினா நேரம் இருக்கு. இல்லாட்டி மன்னார் ரவுனுக்குப் போய்ப் படியுங்கோ."

றிஸ்மியா தரையைப் பார்த்தாள். அவளுடைய ஊரிலிருந்து ரவுனுக்குப் போனால் திரும்ப பஸ் இல்லை. ரவுனுக்குத்தான் போக வேண்டுமென்றால் அவளுக்குக் கலைப்பிரிவு என்றுதான் அர்த்தம். துவாரகன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

"நாங்களே படிப்பம் சேர். வகுப்பறையை மட்டும் தாங்கோ. நான் படிப்பிக்கிறன்" என்றேன்.

சேர் சிரித்தார். மோசமான சிரிப்பு இல்லை, சின்னப் பிள்ளை பெரிய செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. எனக்குப் பிடிக்கவில்லை.

"இரண்டாம் தவணைப் பரீட்சையில மூண்டு பேரும் பாஸ் பண்ணிக் காட்டுறம் சேர். சராசரி இல்லை. இரண்டு தாளிலயும் தனித்தனியா முப்பத்தைஞ்சு. ஒராள் ஒரு தாளில விட்டாலும் பிரிவை மூடுங்கோ."

முதலாம் தாள் தூய கணிதம். இரண்டாம் தாள் பிரயோக கணிதம், அதாவது இயக்கவியலும் நிலையியலும். வழக்கமாக இரண்டையும் கூட்டிச் சராசரிதான் பார்ப்பார்கள். தனித்தனியாக என்று ஏன் சொன்னேன் என்று வெளியே வந்ததும் துவாரகன் கேட்டான். அப்படிச் சொன்னால்தான் சேர் சிரிப்பதை நிறுத்துவார் என்று தோன்றியது. நிறுத்தினார்.

பெப்ரவரி 15, சனி

அம்மா வேறு ஏற்பாடு ஒன்று செய்து வைத்திருந்தாள். அம்மா குடும்பநல மருத்துவமாது, ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்ப்பவள். எந்த விஷயத்தையும் முற்றவிடாமல் முன்கூட்டியே பார்த்துவைப்பது அவளுக்குப் பழக்கம். யாழ்ப்பாணத்தில் சித்தி வீட்டில் தங்கிப் பெரிய பள்ளி ஒன்றில் படிக்கலாமாம். முதலில் ரியூசன் வகுப்பு ஒன்றை இருந்து பார்த்துவிட்டு வா என்று அனுப்பினாள்.

மண்டபம் நிறையப் பிள்ளைகள். சேர் மேடையில், கையில் மைக். படிப்பிப்பு மோசமில்லை. ஆனால் மின்விசிறி சத்தம் போட்டது. நடுவில் என்னைப் பார்த்து, "பின்னால நீலச் சட்டை, நீர் சொல்லும். இதில உராய்வு எந்தப் பக்கம்?" என்றார். மைக் சரியில்லாததால் கேள்வி எனக்கு விளங்கவில்லை. அதற்குள் மற்றவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள்.

யாழ்ப்பாணத்துத் தண்ணீர் என் தலைமயிருக்கு ஒத்துவராது. போவதில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

பெப்ரவரி 17, திங்கள்

முதல் வகுப்பு. கரும்பலகையில் நான். கணிதத் தொகுத்தறிவு முறை. முதல் படி சரியென்று காட்டு, ஒரு படி சரியென்றால் அடுத்ததும் சரியென்று காட்டு, எல்லாப் படியும் உன்னுடையது. இதைவிட அழகான ஒன்றை எந்தப் பாடத்திலும் நான் கண்டதில்லை. அப்படியே சொன்னேன். றிஸ்மியா தலையாட்டினாள். துவாரகன், "முதல் படி எங்க இருக்கெண்டு ஆர் சொல்றது?" என்றான்.

பாட அட்டவணை ஒன்று எழுதி ஒட்டியிருக்கிறேன். நிலையியல் கடைசியில். அது படம் கீறுகிற வேலை, யோசிக்க அதில் அதிகம் இல்லை.

மார்ச் 6, வியாழன்

றிஸ்மியாவுக்கு நோன்பு. எனக்கு நேற்று விபூதிப் புதனோடு தவக்காலம் தொடங்கிவிட்டது, மத்தியானச் சாப்பாட்டை விடுவதாக நேர்ந்திருக்கிறேன். அம்மாவுக்கு அது தெரியாது. மீன் குழம்போடு கட்டித் தருகிறாள். எங்கள் இருவருக்கும் முன்னால் உட்கார்ந்து துவாரகன் அதைச் சாப்பிடுகிறான். "நீங்க ரெண்டு பேரும் சொர்க்கத்துக்குப் போங்கோ. நான் பிறகு வாறன்."

மார்ச் 20, வியாழன்

திரிகோண கணிதச் சமன்பாடு செய்துகாட்டினேன். சைன் இரண்டு x சமன் கோசைன் x. இரண்டு பக்கத்தையும் கோசைன் x ஆல் வகுத்து மூன்று வரியில் முடித்தேன்.

"கோசைன் x பூச்சியமா இருந்தா?" என்றான் துவாரகன்.

"இருக்காது."

"ஏன் இருக்காது?"

"துவாரகன், தேவையில்லாத கேள்வி கேட்டுப் பாடத்தைக் குழப்பாத."

வீட்டில் திரும்பச் செய்து பார்த்தேன். அவன் கேட்ட விதம் சரியில்லை. ஆனால் நான் தொலைத்திருந்தது விடைகளில் பாதி. நாளைக்கு, அவன் கேட்டதால் என்று சொல்லாமல், பொதுவாக ஒரு திருத்தம் சொல்லிவிடலாம்.

மார்ச் 21, வெள்ளி

சொன்னேன். "நான் கேட்டதுதானே அது" என்றான். ஓம் என்றேன். வேறு வழியில்லை.

மே 13, செவ்வாய்

தொகையிடல் முடிந்தது. என் படிப்பிப்பு நாளுக்கு நாள் நன்றாகிக்கொண்டு வருகிறது என்று எனக்கே தெரிகிறது. முந்தி இரண்டு வரியில் தாவிய இடத்தை இப்போது ஐந்து வரியில் எழுதுகிறேன், துவாரகன் எங்கே கை தூக்குவான் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. அவனுடைய கேள்விகளுக்கு வீட்டிலேயே பதில் தயார் செய்து கொண்டுவர வேண்டியிருக்கிறது. அந்தத் தயாரிப்பில் எனக்கும் சில விஷயம் விளங்குகிறது, அது உண்மை.

குலாஸ் சேர் இன்று ஜன்னலுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றார். நான் சத்தத்தைக் கூட்டினேன்.

யூன் 11, புதன்

இயக்கவியலும் முடிந்தது. மிச்சம் நிலையியல். நேரம் குறைவாக இருப்பதால் அதை அவரவர் வாசித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்து அறிவித்தேன். நாங்கள் தூய கணிதத்தைத் திரும்பச் செய்வோம், அங்கேதான் புள்ளி இருக்கிறது.

"நீ ஒருக்காச் செய்துகாட்டினா நல்லம் டிலு. அந்த ஏணிக் கணக்காவது" என்றாள் றிஸ்மியா.

"புத்தகத்தில தெளிவா இருக்கு" என்றேன்.

அவள் என் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தாள். என் முகத்தில் வெண்கட்டித் தூள் இருந்திருக்கலாம்.

யூன் 26, வியாழன்

குடையை விட்டுவிட்டு வந்ததால் பாதி வழியில் திரும்பிப் பள்ளிக்குப் போனேன். நூலகத்தில் றிஸ்மியாவும் துவாரகனும் இருந்தார்கள். மேசையில் அளவுகோலைப் புத்தகக் கட்டில் சாய்த்து வைத்து, றிஸ்மியா பேசிக்கொண்டிருந்தாள். மேசைக்கு இல்லை. நல்ல சத்தமாக.

"சுவரை மறந்திடு. ஏணியை மட்டும் பார். ஏணியைத் தொடுறது ஆர் ஆர்? தொடாத ஒண்டும் தள்ளாது. பூமி மட்டும்தான் தொடாம இழுக்கும்."

"டிலுவையும் கூப்பிட்டிருக்கலாமே" என்றான் துவாரகன்.

"அவளுக்கு இது தெரியும்தானே. பேசாம இரு."

உள்ளே போகவில்லை. எனக்கு இதில் மனவருத்தம் எதுவும் இல்லை. அவர்கள் தாங்களாகப் படிக்க வேண்டும் என்று சொன்னவளே நான்தான். வீட்டுக்கு வந்து அலுமாரி முழுவதையும் இறக்கித் துடைத்து அடுக்கினேன். குடை இன்னும் பள்ளியில்தான்.

யூலை 21, திங்கள்

முதலாம் தாள். எல்லாக் கேள்வியும் செய்துவிட்டு, செய்ததைச் சரிபார்த்துவிட்டு, ஜன்னலில் உட்கார்ந்திருந்த மைனாவையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

யூலை 23, புதன்

இரண்டாம் தாள். பரவாயில்லை.

ஓகஸ்ட் 4, திங்கள்

வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து புள்ளிகள் வந்துவிட்டன. முதலாம் தாள்: நான் தொண்ணூற்றொன்று, றிஸ்மியா எழுபத்தெட்டு, துவாரகன் நாற்பத்தாறு.

இரண்டாம் தாள்: றிஸ்மியா எழுபத்திரண்டு, துவாரகன் ஐம்பத்தொன்று.

நான் முப்பத்திரண்டு.

அதிபர் அலுவலகத்தில் மின்விசிறியின் கீழ் மூவரும் நின்றோம். சேர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துவாரகனுடைய பெயருக்கு நேரே இருக்க வேண்டியது என் பெயருக்கு நேரே ஏறிவிட்டதோ என்று பார்த்திருப்பார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"இயக்கவியலில செய்ததெல்லாம் சரி. நிலையியலில ஒரு புள்ளி இல்லை, நாலு கேள்வி தொடவே இல்லை. என்ன பிள்ளை நடந்தது?"

தலையிடி என்றேன்.

"அதுதானே பாத்தன். சரி, விடு. முதலாம் தாளில தொண்ணூற்றொண்டு எடுத்த பிள்ளை. சராசரி அறுபதுக்கு மேல. நான் கண்டுகொள்ளேல்ல எண்டு விடுறன். பிரிவு நடக்கட்டும்."

சேர் நியாயமானவர். நன்றி சொல்லிவிட்டு வந்தோம்.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

பிரிவு தப்பியது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது. றிஸ்மியா வீட்டிலிருந்து வட்டிலப்பம் கொண்டுவந்தாள், வகுப்பறையிலேயே சாப்பிட்டோம்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது துவாரகன், "முப்பத்திரண்டு எனக்கு வந்திருந்தா சேர் கண்டுகொள்ளாம விட்டிருப்பாரோ?" என்றான். கோபமாகக் கேட்கவில்லை. வாயில் வட்டிலப்பத்தோடு, மழை வருமா என்று கேட்கிற மாதிரித்தான் கேட்டான். றிஸ்மியா அவனுடைய காலை மிதித்தாள். "சும்மா கேட்டனான்" என்று விட்டுவிட்டான்.

எனக்கு அதற்குப் பிறகு இனிப்பு இறங்கவில்லை. நான் பொதுவாகவே இனிப்பு அதிகம் சாப்பிடுவதில்லை.

பின்னேரம் அம்மா ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். புள்ளி விவரம் அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. மருத்துவமாதுக்கு ஊரில் தெரியாதது எதுவும் இல்லை.

"யாழ்ப்பாணத்தில மைக் சரியில்லை எண்டு சொன்னனி" என்றாள்.

"ஓம்."

"சித்தி சொன்னவள், அது நல்ல மைக்காம். ரோட்டில நிக்கிற ஆக்களுக்கும் கேக்குமாம்."

அம்மா முகம் கழுவப் போய்விட்டாள். நான் சமையலறையில் நின்று உருளைக்கிழங்கு முழுவதையும் உரித்தேன், தேவைக்கு அதிகமாகவே.

எழுதிவிடலாம். கேள்வி எனக்குத் தெளிவாகத்தான் கேட்டது.

ஓகஸ்ட் 6, புதன்

காலைப் பிரார்த்தனை முடிந்ததும் நேரே அலுவலகத்துக்குப் போனேன். றிஸ்மியாவிடமும் சொல்லவில்லை.

"சேர், எனக்கு அண்டைக்குத் தலையிடி இல்லை. நிலையியல் எனக்குத் தெரியாது."

அவர் கையெழுத்துப் போடுவதை நிறுத்தவில்லை. "அதுக்கென்ன, இனிப் படி. நான்தான் விட்டிட்டனே."

"துவாரகன் முப்பத்திரண்டு எடுத்திருந்தா விட்டிருப்பீங்களோ சேர்?"

பேனா நின்றது. பொய் சொல்ல வசதியான நேரம் அது, அவர் சொல்லவில்லை. அதற்காகத்தான் அவரை நியாயமானவர் என்கிறேன், திங்கட்கிழமைக்காக இல்லை.

"இல்லை" என்றார். "மூடியிருப்பன்."

"அப்ப எனக்கு இன்னொரு தாள் தாங்கோ. இரண்டாம் தாள். வேற பள்ளி ரீச்சர் ஆரும் திருத்தட்டும். முப்பத்தைஞ்சு வராட்டி மூடுங்கோ."

"மூடினா அந்த ரெண்டு பிள்ளையளுக்கும் என்ன நியாயம்? அதுகள் பாஸ்."

அதை நான் யோசித்திருக்கவில்லை. "அப்ப என்னை மட்டும் நிப்பாட்டுங்கோ. அவை இருக்கட்டும்" என்றேன். சேர் நாட்காட்டியைப் பார்த்துவிட்டு, விடுமுறைக்கு முந்தின வெள்ளிக்கிழமை பரீட்சை என்றார். முப்பத்தைந்து வராவிட்டால் கலைப்பிரிவு, நான் மட்டும்.

வெளியே வந்து இரண்டு பேரிடமும் சொன்னேன். றிஸ்மியா அழுதாள், பிறகு திட்டினாள். "விசரி. ஆறு வருசமா ஒரு வாங்கில இருந்திட்டு, தெரியாது எண்டு ஒரு சொல்லுச் சொல்ல ஏலாதா உனக்கு?" அவளுக்கு அவ்வளவு பெரிய குரல் இருக்கிறது என்று பக்கத்து வகுப்புக்கும் இன்று தெரிந்திருக்கும்.

ஓகஸ்ட் 7, வியாழன்

இன்று கரும்பலகையில் துவாரகன். நான் வாங்கில். அங்கிருந்து பார்க்கும்போது பலகை வேறு மாதிரி இருக்கிறது, வெளிச்சம் பட்டு ஓரத்து எழுத்துகள் தெரிவதே இல்லை. ஒருவரும் இதுவரை எனக்குச் சொல்லவில்லை.

கரடான தரையில் நின்று ஒப்பமான, உராய்வே இல்லாத சுவரில் சாய்ந்த ஏணி. என்னை வந்து விசைகளைக் கீறச் சொன்னான். புத்தகத்தில் பார்த்த படத்தை நினைத்து நினைத்துக் கீறினேன். உராய்வை வெளிப்பக்கம் போட்டேன்.

"ஏன் வெளிய?" என்றான்.

"படத்தில அப்பிடித்தான்..."

"படத்தை விடு. தரையில உராய்வே இல்லையெண்டு வை. ஏணி வழுக்குது. கால் எந்தப் பக்கம் போகும்?"

"சுவரை விட்டு வெளிய."

"அப்ப உராய்வு அதை எங்க பிடிச்சு இழுக்கும்?"

உள்ளே. சுவரை நோக்கி உள்ளே. இவ்வளவுதானா? இத்தனை மாதமாக நான் ஏணியைப் பார்க்கவே இல்லை, ஏணியின் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்து மண்டபத்தில் கேட்டதும் இதேதான்.

"ஏன் எண்டு கேட்டுக்கொண்டே இரு. அது தேவையில்லாத கேள்வி இல்லை" என்றான் துவாரகன். இதைச் சொல்ல மார்ச்சிலிருந்து காத்திருந்திருக்கிறான்.

ஓகஸ்ட் 14, வியாழன்

மூட்டப்பட்ட கோல்கள். றிஸ்மியா படிப்பிக்கும்போது வேகமே இல்லை, ஆனால் எங்கும் ஓட்டையும் இல்லை. இரண்டு கோல்களையும் மனத்தில் பிரித்து வைக்கச் சொன்னாள். இது அதைத் தள்ளினால் அது இதை அதே அளவு திருப்பித் தள்ளும், அதன் பெயர் மறுதாக்கம், அவ்வளவுதான். மூன்று கணக்குச் செய்தேன், இரண்டு பிழை. பிழை விட்ட இடத்தை நானே கண்டுபிடித்தேன். சரியாக வந்ததைவிட அது எனக்குப் பிடித்திருந்தது.

ஓகஸ்ட் 19, செவ்வாய்

கேட்பதற்கு வெட்கப்படுவது இரண்டு நாளில் போய்விடுகிறது. இன்று அப்பா வேலை செய்யும் ஐஸ் கம்பனிக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். ஐஸ் பாளங்களைச் சரிவுப் பலகையில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அப்பா கூப்பிட்டதும் கேட்கவில்லையாம், பலகைக்கும் பாளத்துக்கும் நடுவே மனத்துக்குள் அம்புக்குறி போட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன்.

ஓகஸ்ட் 22, வெள்ளி

பரீட்சை. வகுப்பறைக்குள் போனால் மேசை மூன்று போட்டிருந்தது. றிஸ்மியாவும் துவாரகனும் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

"நீங்க பாஸ்தானே" என்றேன்.

"சேரிட்டக் கேட்டு நாங்களும் எழுதுறம். பழைய புள்ளி வேண்டாம், இந்தத் தாளில வாறதுதான் எங்கட புள்ளி எண்டு எழுதிக் குடுத்திட்டம்" என்றான் துவாரகன். "உன்னைத் தனிய விட்டா நீ அழுவாய்."

நான் அழுகிற ஆள் இல்லை. தாளைத் திறப்பதற்கு முன்னால் மூக்கைத் துடைத்துக்கொண்டது தடிமனால்.

நிலையியலை முதலில் செய்தேன். உராய்வுக் கேள்வி நேராக வந்தது. மூட்டிய கோல்கள் கேள்வியில் ஒரு இடத்தில் சிக்கி, இதைத் தொடுவது யார் என்று எனக்குள் கேட்டு, வெளியே வந்தேன்.

வெளியே வந்ததும் நான்தான் முதலில் கேட்டேன். "மூட்டில மறுதாக்கம் என்ன வந்தது?"

றிஸ்மியா ஒன்று சொன்னாள். துவாரகன் வேறொன்று சொன்னான். என்னுடையது மூன்றாவது. பஸ் தரிப்பிடம் வரை சண்டை பிடித்துக்கொண்டு போனோம். ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. என்னுடையது பிழையாகவும் இருக்கலாம் என்று நான் சொன்னதும் இருவரும் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

செப்ரெம்பர் 8, திங்கள்

விடுமுறை முடிந்து பள்ளி தொடங்கியது. குலாஸ் சேர் திருத்திய தாள்களைக் கையில் தந்தார். றிஸ்மியா எழுபத்தொன்பது. நான் அறுபத்தாறு. துவாரகன் ஐம்பத்தெட்டு.

"இனி வாற வருசம் கணிதத்துக்கு நாலு பிள்ளையள் கேட்டு வந்திருக்கினம்" என்றார் சேர். "ரீச்சர் இன்னும் இல்லை எண்டு சொன்னன். பரவாயில்லையாம்." சிரித்தார். இந்தத் தடவை அந்தச் சிரிப்பில் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை.

பஸ்ஸுக்கு நிற்கும்போது தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். மூட்டிய கோல்கள் கேள்வியில் முழுப் புள்ளி எடுத்தது நான். றிஸ்மியா கடைசி வரியில் ஒரு குறியைப் பிழைவிட்டிருந்தாள், துவாரகன் ஒரு விசையின் திருப்பத்தைக் கணக்கில் சேர்க்க மறந்திருந்தான். நான் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். துவாரகன்தான் பஸ்ஸில் ஏறியதும், மூட்டில் வந்த மறுதாக்கத்தை இந்தப் பிள்ளை மட்டும்தான் சரியாகக் கண்டுபிடித்தது என்று கண்டக்டரிடம் சொன்னான்.

"அதென்ன மறுதாக்கம்?" என்றார் கண்டக்டர்.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொல்லத் தொடங்கினோம். பிறகு நான் நிறுத்திவிட்டு, "றிஸ்மியா, நீ சொல்லு" என்றேன். அவள் பஸ் முழுவதற்கும் கேட்கும்படி சொன்னாள்.